காயிலில் காய்த்த கல்

எலக்ட்ரீஷியன் அதைக் குளியலறைத் தரையில் வைத்தபோது ணங்கென்று சத்தம் கேட்டது. வளைத்த செம்புக் குழாய் அப்படிச் சத்தம் போடாது. கல்தான் போடும். மூன்று வருடம் இரண்டு மாதத்துக்கு முன் பளபளப்பாகச் சுவருக்கு ஏறிய பதினைந்து லிட்டர் வாட்டர் ஹீட்டரின் காயில், கரும்புக் கணு போல வீங்கி, வெள்ளையும் பழுப்புமாகக் கல் பூத்துக் கிடந்தது. கல் அங்கங்கே விண்டுபோன இடத்தில் மட்டும் செம்பு கறுத்துத் தெரிந்தது.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவர். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் சார், எங்க பாய்லர்ல இதுல பத்துல ஒரு பங்கு படிஞ்சிருந்தாலும் என்னைய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

காயில் மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். டேங்க்கும் கசிந்தது. "மாத்துனாப் பிரயோசனம் இல்லீங்க, புதுசே வாங்கிருங்க" என்று எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டார்.

திருப்பூரில் இது அன்றாடக் கதை. போர்வெல் தண்ணீரில் ஓடும் ஹீட்டர் இங்கே சீக்கிரம் சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். "நம்மூர் தண்ணி அப்படி" என்று சொல்லி அடுத்ததை வாங்கிவிடுவோம். ஆனால் பாய்லர்காரர் சொன்ன சொல் என்னை விடவில்லை. ஒரு பனியன் துணிக்காகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கவனிக்கத் தெரிந்த ஊர், தன் வீட்டு ஹீட்டருக்குள் என்ன போகிறது என்று ஏன் பார்ப்பதில்லை? அதைப் பார்த்தால்தான் ஹீட்டர் மாற்றும் செலவு எவ்வளவு என்பதற்கு ஒழுங்கான விடை கிடைக்கும்.

பில்லில் இருக்கும் விலை

முதலில் கண்ணுக்குத் தெரியும் கணக்கு. என் வீட்டுக்கு ஆனது இது: ஹீட்டர் 8,500 ரூபாய். தண்ணீர் வரவும் போகவும் இரண்டு வளையும் குழாய்கள் 400. வால்வு, குழாய் இணைப்புகள் 650. கூலி 800. பழைய இணைப்பில் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை, அதற்கு 2,200. பழைய ஹீட்டரைக் கழிவுக்குப் போட்டதில் 600 திரும்பி வந்தது. ஆக மொத்தம் 11,950 ரூபாய்.

இதை ஹீட்டர் உழைக்கும் நாட்களால் வகுக்க வேண்டும். மூன்று ஆண்டில் செத்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 11 ரூபாய். எட்டு ஆண்டு உழைத்தால் 4 ரூபாய்க்குச் சற்று மேல். ஆண்டுக்கொரு முறை 700 ரூபாய் செலவழித்துத் திறந்து சுத்தம் செய்தாலும் ஏறக்குறைய 6 ரூபாய்தான். கடையில் நின்று ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அந்த ஐந்நூறைவிடப் பெரிய தொகையை முடிவு செய்வது ஹீட்டரின் ஆயுள்.

அடுத்தது கரண்ட். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4,186 ஜூல் ஆற்றல் வேண்டும். எந்தக் கம்பெனி ஹீட்டராக இருந்தாலும் இதில் தள்ளுபடி கிடையாது. குழாய்த் தண்ணீர் 25 டிகிரியில் வருகிறது, நாம் 40 டிகிரியில் குளிக்கிறோம் என்றால் இருபது லிட்டர் வாளி ஒன்றுக்கு 0.35 யூனிட். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 1.4 யூனிட். இரண்டு கிலோவாட் ஹீட்டர் அதற்காக உழைப்பது வெறும் 42 நிமிடம். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட்.

"நூறு யூனிட் ஃப்ரீயிலேயே ஹீட்டர் ஓடிவிடும்" என்பார்கள். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் அந்த இலவசத்தை ஃபேனும் ஃபிரிட்ஜும் முன்பே தின்றுவிடும். ஹீட்டரின் யூனிட்டுகள் கணக்கின் மேல் நுனியில்தான் ஏறி உட்காரும். நம் மின்கட்டணம் மாடிப்படி மாதிரி. மேலே போகப்போக ஒவ்வொரு படியும் உயரம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். ஹீட்டர் யூனிட் உங்கள் வீட்டில் 5 ரூபாய்ப் படியில் நிற்கிறது என்றால் நாளைக்கு 7 ரூபாய். 9 ரூபாய்ப் படியில் நின்றால் 12 ரூபாய் 60 காசு.

ஹீட்டரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் இந்த 1.4 யூனிட்டைக் குறைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அவை அளப்பது வேறு: சூடான தண்ணீர் டேங்க்கில் சும்மா கிடக்கும்போது சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதை. ஸ்விட்சை நாள் முழுவதும் போட்டே வைக்கும் வீட்டுக்கு நட்சத்திரம் பெரிதும் உதவும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன் போட்டு, பிறகு அணைத்துவிடும் வீட்டுக்கு அதன் பலன் கொஞ்சம்தான்.

தண்ணீரில் கரைந்த பாறை

இனி அந்தக் கல். எலக்ட்ரீஷியன் போன பிறகு ஒரு துண்டை உடைத்து எலுமிச்சை பிழிந்தேன். சுர்ரென்று நுரைத்தது. கார்பனேட் கல்லின் அடையாளம் அது. நுரையில் இருப்பது கரியமில வாயு.

அந்த வாயு வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. கொங்குச் சீமையின் கடினப் பாறையிலும் அதன்மேல் கிடக்கும் சுக்கான் கல்லிலும் உள்ள சுண்ணாம்பை அந்த அமிலம் கரைக்கிறது. கரைந்ததன் பெயர் கால்சியம் பைகார்பனேட். கண்ணுக்குத் தெரியாது, போர்வெல் தண்ணீரில் தெளிவாக மேலேறி வரும். நல்ல மழை பெய்யும் ஊரில் இந்த உப்புகள் அலசிப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெறும் நம் ஊரில் அவை தங்கிச் செறிகின்றன. அதனால்தான் இங்கே 'நல்ல தண்ணி' ஒரு குழாயிலும் 'சப்பைத் தண்ணி' இன்னொரு குழாயிலுமாக வீடுகள் இரண்டு தண்ணீரில் வாழ்கின்றன.

சப்பைத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இரண்டுக்கும் குற்றவாளி கால்சியம்தான்.

இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் மண்ணுக்கடியில் நடந்தது தலைகீழாகத் திரும்பும். பைகார்பனேட் உடைந்து கரியமில வாயு வெளியேற, மிஞ்சும் கால்சியம் கார்பனேட் கல்லாகப் படியும். சர்க்கரை சூடு ஏறினால் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டின் குணம் எதிர்மாறு. சூடு கூடக்கூடக் கரைதிறன் குறையும். டேங்க்கிலேயே மிகச் சூடான இடம் காயிலின் மேற்பரப்பு. கல் அங்கே போய்க் காய்க்கிறது.

எவ்வளவு காய்க்கும்? 60 டிகிரியில் ஹீட்டர் தரும் வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர, வாளிக்கு எட்டரை லிட்டர் வெந்நீர் போதும். நான்கு வாளிக்கு 34 லிட்டர். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் விரும்பும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் போர் தண்ணீர் அந்த 600-இல் நிற்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 20 கிராம் சுண்ணாம்பு ஹீட்டருக்குள் வந்துபோகிறது. ஆண்டுக்கு ஏழரைக் கிலோ. பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் முக்கால் கிலோ கல்.

ஹீட்டருக்கு நாம் வைத்திருக்கும் கீசர் என்ற பெயர் ஐஸ்லாந்தில் கொதித்துப் பீறிட்ட கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. அந்த மூல ஊற்றுக்கும் இதே நோய். அதன் நீரில் கரைந்த சிலிக்கா வாயைச் சுற்றிப் படிந்து பீறிடல் அருகிப்போனது. 1935-இல் அந்தப் படிவை வெட்டி வாய்க்கால் எடுத்தார்கள். ஊற்று மறுபடி பொங்கியது. வாய்க்காலும் நாளடைவில் சிலிக்காவால் அடைந்துபோக, 1981-இல் திரும்பவும் சுத்தம் செய்தார்கள். ஊற்றுக்கே சர்வீஸ் தேவைப்பட்டிருக்கிறது.

கல் கரண்ட்டைத் தின்னுமா?

காயிலில் உப்புப் படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று பலரும் சொல்வார்கள். சாயப்பட்டறை பாய்லருக்கு அது உண்மை. அங்கே விறகுத் தீயின் வெப்பம் குழாய்ச் சுவரைக் கடந்து தண்ணீருக்குப் போக வேண்டும். சுவரில் கல் படிந்தால் வெப்பம் உள்ளே போக முடியாமல் புகைபோக்கி வழியாக வெளியேறும். விறகு வீணாகும்.

வீட்டு ஹீட்டரின் அமைப்பு வேறு. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. வெப்பம் தப்பிப் போகப் புகைபோக்கி இல்லை. கல்லைத் தாண்டிச் சற்றுத் தாமதமாக வந்தாலும் அது தண்ணீருக்குள்தான் வந்தாக வேண்டும். அதனால் படிவினால் மின்சாரம் வீணாவது மிகக் குறைவு. கல் தின்பது காயிலின் உயிரை.

ஒரு சிறு கணக்கு. இரண்டு கிலோவாட் காயிலின் மேற்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 வாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். செம்போடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் இருநூறு மடங்குக்கும் மேல் மந்தம். ஒரு மில்லிமீட்டர் கல்லைத் தாண்டி அந்த வெப்பம் வெளியேற, உள்ளே இருக்கும் செம்பு 50 முதல் 100 டிகிரி வரை கூடுதலாகச் சூடேற வேண்டியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் என்றால் மும்மடங்கு. தண்ணீர் இதமாக 60 டிகிரியில் இருக்க, அதன் நடுவே காயில் சட்டியில் வறுபடுகிறது.

காயிலுக்குள் நிக்ரோம் கம்பி. அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள். அதற்கு வெளியே செம்பு உறை. தூள் வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. உறை தினமும் வறுபட்டுக் குளிர்ந்து, விரிந்து சுருங்கி ஒரு நாள் விரிசல் விடும். தண்ணீர் உள்ளே புகுந்து தூள் நனைந்தால் மின்சாரம் தண்ணீருக்குக் கசியும். ஹீட்டர் போட்டதும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறதென்றால், எரிச்சலோடு அதைத் தூக்கித் தூக்கிவிடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே துண்டித்து அது உங்கள் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

கல் முற்றுவதற்கு முன் ஹீட்டர் குரல் கொடுக்கும். படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடித்து வெளியேறும்போது சோளம் பொரிவது போல ஒரு சத்தம். என் வீட்டில் அந்தச் சத்தம் ஒரு வருடம் கேட்டது. "நல்லாச் சூடாகுது போல" என்று இருந்துவிட்டேன்.

டேங்க்கைத் தின்றது யார்?

காயிலைக் கொன்றது பாறை. டேங்க்கில் ஓட்டை போட்டதில் ஊருக்கும் பங்கு உண்டு.

சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ கிலோக் கணக்கில் சாயத்தொட்டிக்குள் போகும். அது துணியில் தங்காது. வேலை முடிந்ததும் கழிவோடு வெளியே வரும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியைச் சேரும் நொய்யல் பல பத்தாண்டுகள் அந்த உப்பைச் சுமந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமானது. உப்பு ஆற்றோரக் கிணறுகளுக்குள் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் திரும்ப இயங்கின. நிலத்தடிக்குப் போன உப்பு நீதிமன்ற ஆணை கேட்டுத் திரும்பி வருவதில்லை. பல பகுதிகளில் அது இன்னும் கீழே இருக்கிறது.

இந்த உப்பின் குளோரைடு கல்லாகப் படியாது, உலோகத்தை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தன்மேல் படரும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோலால்தான் தப்பிக்கிறது. சூடான குளோரைடு நீர் அந்தத் தோலில், அதுவும் வெல்டிங் ஓரத்தில், ஊசிமுனைப் பள்ளங்களைத் துளைக்கும். கண்ணாடிப் பூச்சு டேங்க் என்பது இரும்பின்மேல் 800 டிகிரிக்கு மேல் சுட்டு ஒட்டிய பீங்கான் பூச்சு. அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் இரும்பு அம்பலமாகும்.

இதற்கொரு காவலாளியை டேங்க்குக்குள்ளேயே வைத்துத்தான் விற்கிறார்கள். 1824-இல் இங்கிலாந்தின் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடிப்பகுதியில் வேய்ந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்காமல் இருக்க ஒரு வழி கண்டார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாகச் சேர்த்துவிட்டால் அந்தத் துண்டு அரியும், செம்பு தப்பும். ஹீட்டருக்குள் நிற்கும் மெக்னீசியம் ராடு அதே ஏற்பாடு. இரும்பைவிட முந்திக்கொண்டு கரைவது மெக்னீசியத்தின் இயல்பு. அது கரையும்வரை டேங்க் பிழைத்திருக்கும்.

உப்பு மிகுந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் ராடு வேகமாகக் கரையும். நல்ல தண்ணீரில் பல ஆண்டுகள் நிற்பது நம் போர் தண்ணீரில் ஓரிரு ஆண்டில் வெறும் கம்பியாகிவிடலாம். என் ஹீட்டரில் ராடு இருந்த இடத்தில் கறுப்புக் கம்பி ஒன்றுதான் மிச்சம். காவலாளி செத்தபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் கணக்காகத் தூங்கியிருக்கிறேன். அந்த ராடின் விலை சில நூறு ரூபாய்.

பட்டறைக்குத் தெரிந்தது

பக்கத்து வீட்டுக்காரரின் பட்டறையில் தண்ணீரை எப்படி நடத்துகிறார்கள்? கடினத் தண்ணீரில் சாயம் சீராக ஏறாது. கால்சியம் சாயத்தோடு சேர்ந்து திட்டுத் திட்டாகப் படியும். ஷேட் மாறினால் பார்ட்டி லாட்டையே திருப்பிவிடுவார். அதனால்தான் ஒரு காலத்தில் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நல்ல தண்ணீர் வந்தது. பிறகு பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறனில் தனித் திட்டமே போட்டார்கள். பட்டறைக்குள் வரும் தண்ணீர் சாஃப்ட்னர் வழியாகத்தான் மிஷினுக்கும் பாய்லருக்கும் போகும். பாய்லருக்குள் சேரும் உப்பைத் தினமும் 'ப்ளோ டவுன்' செய்து வெளியேற்றுவார்கள். 1923-இன் பாய்லர் சட்டக் காலத்திலிருந்தே பாய்லருக்கு முறையான ஆய்வும் சான்றிதழும் உண்டு.

வீட்டு ஹீட்டரின் அடியிலும் தண்ணீரை வடிக்க வழி இருக்கிறது. அதை யாராவது திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

அப்படியானால் வீட்டுக்கும் சாஃப்ட்னர் வைத்துவிடலாமா? வைக்கலாம். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கல் படியாது. ஆனால் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் எண் அப்படியே நிற்கும். "ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அந்த மீட்டர் கரைந்த உப்பு அனைத்தையும் சேர்த்துக் காட்டுவது. கால்சியம் போய் சோடியம் வந்ததை அது பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மைக்குச் சொட்டு எண்ணும் பரிசோதனைப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது. குளோரைடு அப்படியே இருப்பதால் டேங்க்குக்கான ஆபத்தும் அப்படியே இருக்கும். ராடைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ரெசின் களைத்துப்போனால் கல்லுப்புக் கரைசல் விட்டு அதை மீட்க வேண்டும். அந்த உப்பு நீர் எங்கே போகும்? சாக்கடைக்கு, அங்கிருந்து நொய்யலுக்கு. பட்டறைகளுக்கு நீதிமன்றம் தடுத்ததை வீடு வீடாக நாம் சிறு அளவில் செய்வதாகிவிடும்.

இரண்டரைக் குடம்

இந்த இடத்தில்தான் அந்த 34 லிட்டர் எனக்கு உறைத்தது. நான்கு வாளிக் குளியலில் ஹீட்டருக்குள் நுழைவது அவ்வளவுதான். இரண்டரைக் குடத்துக்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் கலக்கும் பச்சைத் தண்ணீர். அது சப்பைத் தண்ணியாகவே இருக்கட்டும். வீடு முழுவதும் தண்ணீரை மாற்றத் தேவையில்லை. ஹீட்டரின் வாய்க்கு மட்டும் நல்ல தண்ணீர் போனால் போதும்.

மொட்டை மாடியில் நூறு லிட்டர் டேங்க் ஒன்றை ஹீட்டருக்கென்று தனியாக வைத்தேன். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளில் அது நிரம்புகிறது. குடிக்கும் தண்ணீரைக் குளிக்க விடலாமா என்று மனம் உறுத்தினால் மழை இருக்கிறது. ஆண்டுக்கு நமக்கு வேண்டியது 12,400 லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் மாடியில் 600 மில்லிமீட்டர் மழை என்றால் 30,000 லிட்டர். பாதியைப் பிடித்தாலே போதும். கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத தண்ணீர் அது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு சல்லடையும் தொட்டியும் சேர்த்தால் வேலை முடிந்தது. வடகிழக்குப் பருவம் ஓய்ந்ததும் மார்கழிக் குளிர் வருவதால், வெந்நீர் அதிகம் வேண்டிய நேரத்தில் தொட்டியும் நிறைந்திருக்கும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே மிக்ஸர் குழாயில் கலக்கும் வீட்டில் மட்டும் இரு பக்கமும் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் கூடிய தண்ணீர் மறுபக்கம் ஏறிவிடும்.

எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது என்பதற்கும் ஒரு எளிய விதி உண்டு. காயில், தெர்மோஸ்டாட், ராடு, வாஷர் — இவை போனால் சரிசெய்யுங்கள். டேங்க் கசிந்தால் மாற்றுங்கள். நுரைப் பஞ்சுக்குள் பொதிந்த டேங்க்கை வெல்டிங் வைத்து மீட்பது ஆகாத வேலை. வெந்நீர் செம்மண் நிறத்தில் வந்தால் இரும்பு கரையத் தொடங்கிவிட்டது, பணத்தைத் தயார் செய்யலாம்.

சூட்டைக் குறைப்பதும் மருந்துதான். 60 டிகிரிக்கு மேல் போகப்போகக் கல் காய்ப்பது மிகும். 75-க்குத் திருகி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. அதற்காக 40-இல் நாள் கணக்காகத் தேக்கி வைப்பதும் கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய நீர் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமிக்குப் பிடித்த இடம். 60 டிகிரியில் சூடாக்கி அன்றன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

சூரிய ஹீட்டர் வாங்க நினைப்பவரும் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தட்டையான பலகை வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் கடினத் தண்ணீரில் இரத்தக் குழாய் அடைப்பது போல அடைந்துவிடும். அகன்ற கண்ணாடிக் குழாய் வகை கூடுதலாகத் தாங்கும். கழற்றிச் சுத்தம் செய்யவும் முடியும்.

புளியும் சிட்ரிக் அமிலமும்

எங்கள் பாட்டி வீட்டில் வெந்நீர் அடுப்பின்மேல் அனுப்பர்பாளையத்தில் வாங்கிய செம்புத் தவலை இருந்தது. அதே சப்பைத் தண்ணிதான். வாரம் ஒரு முறை புளி போட்டு உள்ளும் புறமும் தேய்ப்பார். புளியின் டார்டாரிக் அமிலம் செம்பின் கறுப்பை எடுக்கும். படிந்த சுண்ணாம்பையும் இளக்கிவிடும். அறிவியல் பெயர் தெரியாமலே அவர் செய்துகொண்டிருந்தது பாய்லர்காரர் செய்யும் அதே வேலை. அந்தத் தவலை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பார்த்துவிட்டது.

தவலைக்கு வாய் திறந்திருந்தது. கல் கண்ணில் பட்டது. ஹீட்டர் வாயை மூடிக்கொண்டு சுவரில் அழகாக ஏறிவிட்டது. பார்க்காததால் தேய்க்க மறந்தோம். அந்த மறதிக்குத்தான் மூன்று ஆண்டுக்கொரு முறை 11,950 ரூபாய் கட்டுகிறோம்.

புது ஹீட்டரின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் மாட்டிய தேதியை எழுதினேன். அதற்குக் கீழே 'ராடு பார்த்தது' என்று எழுதி நான்கைந்து வரி இடம் விட்டிருக்கிறேன். ஓராண்டு கழித்து, போகிக்கு முந்தின ஞாயிறு, ஸ்விட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்தோம். காயிலில் விபூதி பூசியது போல ஒரு மெல்லிய வெள்ளை, அவ்வளவுதான். சிட்ரிக் அமிலம் கரைத்த வாளியில் அரை மணி நேரம் போட்டதும் செம்பு புதுப் பாத்திரம் போல வந்தது. ராடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. முதல் வரியில் தேதியை எழுதினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கும் வந்து காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடித்த தண்ணீர் இருந்த வாளிக்குள் கையை விட்டு, அடியில் தங்கிய வண்டலை விரலால் நிமிண்டினார்.

"அடுத்த ப்ளோ டவுன் எப்பங்க சார்?" என்றார்.